மாமனார் மடியில் துப்பாக்கி

நான் வாழ்க்கையில் ஒரே ஒரு முறை துப்பாக்கியோடு வெளியே போயிருக்கிறேன். இடுப்பில் உறை கட்டி, மீசையை முறுக்கிக்கொண்டு போனதாகப் பேரப்பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். உண்மையில் வாளியில் போட்டுக்கொண்டு போனேன். அதுவும் பால் தளும்பிவிடுமோ என்று பயப்படுகிறவனைப் போல அடிமேல் அடி வைத்து.

துப்பாக்கி என்னுடையதல்ல, என் அக்கா வீட்டுக்காரருடையது. மாகறலுக்கும் உத்திரமேரூருக்கும் நடுவில் மாமா ரைஸ் மில் வைத்திருந்தார். மில் முதலாளி என்றால் ஒரு ரிவால்வர் இருந்தால்தான் பந்தா என்று யாரோ ஏற்றிவிட, அலையாய் அலைந்து உரிமம் வாங்கினார். உரிமத்தில் அவருக்குத் துணையாள் என்று என் பெயரையும் ஏற்றிவிட்டார். "நீதான்டா ஊர்க்காவல் படையில டிரெய்னிங் எடுத்தவன்" என்றார். எடுத்தது வாஸ்தவம். ஆனால் நான் ரைபிளைத் தூக்கிய அழகைப் பார்த்த பயிற்சியாளர் அதை மெதுவாக வாங்கிக்கொண்டு என் கையில் ஒரு விசிலைக் கொடுத்தார் என்பதை மாமாவிடம் நான் சொல்லவில்லை.

அந்த ரிவால்வர் வருஷத்துக்கு ஒரு நாள்தான் வெளிச்சத்தைப் பார்க்கும். ஆயுத பூஜையன்று. மில் இஞ்சின், பெல்ட்டு, தராசு, சைக்கிள், அரிவாள்மனை எல்லாவற்றுக்கும் அக்கா பொட்டு வைப்பாள். மாமாவின் பல் செட்டுக்குக்கூட ஒரு வருஷம் வைத்தாள். அவர் பார்க்காமல் மாட்டிக்கொண்டு நாளெல்லாம் கமகமவென்று பேசினார். கூடத்தில் நடுநாயகமாகத் துப்பாக்கி. அக்கா சந்தனம் பூச மாட்டாள். சுவருக்குக் காரை பூசுவதுபோல அப்புவாள். பூஜை போட்டதைச் சுரண்டினால் இஞ்சினுக்கு ஆகாது என்பது அவள் சட்டம். ஆகவே போன வருஷத்துச் சந்தனத்தின் மேல் இந்த வருஷத்துச் சந்தனம். நான் சொல்லும் வருஷத்தில் அது பார்ப்பதற்குத் துப்பாக்கி மாதிரியே இல்லை. கைப்பிடி வைத்த கொழுக்கட்டை மாதிரி இருந்தது.

எண்பதுகளில் ஒரு தேர்தல் வந்தது. தேர்தல் என்றால் உரிமம் உள்ள துப்பாக்கிகளையெல்லாம் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். கடைசி நாளும் வந்துவிட்டது. மாமாவோ மஞ்சள் காமாலையில் படுத்து, கீழாநெல்லியும் மோருமாகக் கிடந்தார். போக வேண்டியவன் துணையாளாகிய நான்.

நான் முதலில் கேட்டது ஒரே கேள்வி. "மாமா, இதுல தோட்டா கீதா?"

"காலிடா. எப்பவோ எடுத்துட்டேன்."

சமையலறையிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "எங்க எடுத்தீங்க? திருடன் வரான்னு ஊரே தீவட்டி புடிச்சிக்கினு நின்னப்ப போட்டது. அப்புறம் அதத் தொட்டதே நான் சந்தனம் வைக்கத்தான்."

"பொட்டியில தோட்டா கொறையுதேன்னு கேப்பே. அது பன்னிய ஓட்டச் சுட்டது."

"எந்தப் பன்னி? நீங்க சுட்ட சத்தத்த இந்த ஊர்ல எவனாச்சும் கேட்டுக்கீறானா? பன்னியாச்சும் கேட்டுதா?"

திறந்து பார்த்துவிட்டால் சண்டை தீர்ந்துவிடும். தோட்டா போடும் உருளையைப் பக்கவாட்டில் தள்ளினால் திறந்துகொள்ளும். தள்ளினேன். அசையவில்லை. உருளைக்கும் சட்டத்துக்கும் நடுவில் சந்தனம் இறங்கிக் கல்லாகியிருந்தது. பின்பக்க இடுக்கில் எட்டிப் பார்த்தாலும் சந்தனம்.

"கத்திய வெச்சி நெம்பு" என்றார் மாமா.

"உள்ள தோட்டா இருந்தா?"

"அப்ப ஒண்ணு பண்ணு. மோட்டுவளையப் பாத்து ஒரு தபா இழுத்துப் பாரு. வெடிச்சா கீதுன்னு அர்த்தம். வெடிக்கலன்னா இல்லன்னு அர்த்தம்."

"ஐயய்யோ, மாடியில வடகம் காயுது!" என்று அக்கா கரண்டியோடு ஓடிவந்தாள். தம்பி போனாலும் பரவாயில்லை என்பதுபோல இருந்தது எனக்கு.

ஊர்க்காவல் படையில் எனக்குச் சுடத்தான் சொல்லித் தரவில்லையே தவிர, சுடாமல் இருப்பது எப்படி என்று காது புளிக்கச் சொல்லியிருந்தார்கள். எந்தத் துப்பாக்கியும் காலி என்று கையால் திறந்து பார்க்கிற வரைக்கும் காலி இல்லை. விசையின்மேல் விரல் போகக் கூடாது. குழலின் வாய் மனுஷனைப் பார்க்கக் கூடாது. முதல் இரண்டும் சுலபம். மூன்றாவதுதான் பேஜாராகிவிட்டது.

இடுப்பில் முன்பக்கம் செருகினால் குழல் எதைப் பார்க்கும் என்று யோசித்தேன். தை மாதம் கல்யாணம் வைத்திருக்கிறவன் யோசிக்க வேண்டிய விஷயம் அது. பின்பக்கம் செருகினால் உட்கார வேண்டிய இடத்தைப் பார்க்கும். மஞ்சள் பையில் போட்டால் பை ஆட ஆட ஊரையே பார்க்கும். அப்போதுதான் மில் சுவரில் மாட்டியிருந்த தீயணைப்பு வாளி கண்ணில் பட்டது. சிவப்பு வாளி, நிறைய மணல். குழலைத் துணியால் சுற்றி, தலைகீழாக மணலில் புதைத்து, மேலே மணலை மூடிவிட்டால் அது பூமியை மட்டும்தானே பார்க்கும்? என் அறிவை நானே மெச்சிக்கொண்டேன். கைப்பிடி நுனி மட்டும் கொஞ்சம் தெரிந்தது. அதன்மேல் ஒரு வாழையிலைத் துண்டைப் போட்டேன்.

மில் மாட்டுவண்டி நெல் ஏற்றப் போயிருந்தது. ஸ்டேஷன் உத்திரமேரூரில். காஞ்சிபுரத்திலிருந்து அங்கே போகும் பஸ்ஸைப் பிடித்தேன். உள்ளே நிற்க இடமில்லை. இந்த இடத்தில் நம் ஊர் பஸ் மரியாதை ஒன்றைச் சொல்ல வேண்டும். உட்கார்ந்திருப்பவர் நிற்பவரின் மூட்டையை மடியில் வாங்கி வைத்துக்கொள்வார். முன்பின் தெரியாதவர் குழந்தையைக்கூட வாங்கி வைத்துக்கொள்வார். கொடுக்காவிட்டால் அவரைத் திருடன் என்று நினைத்ததாக ஆகிவிடும்.

"குடு நைனா, நான் வெச்சிக்கறேன்" என்று பூக்கூடைக்கார அம்மாள் கையை நீட்டினாள்.

"வேணாம்மா, கனம்."

"ரெண்டு கூடைய வெச்சிக்கினு கீறேன், உன் வாளி எனக்குக் கனமா?"

"பரவால்லம்மா, எனக்குப் பழக்கம்."

"வாளி தூக்கறதா?" என்றாள். பஸ்ஸில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். திரும்பியவர்களில் ஒருவர், இரண்டு சீட் தள்ளி, சட்டைப்பையில் குங்குமம் தடவிய பத்திரிகைகள் எட்டிப் பார்க்க உட்கார்ந்திருந்தார். என் வருங்கால மாமனார். தாமல் கிராமத்தில் ஏரிப் பாசனத்தில் நஞ்சை வைத்து விவசாயம் செய்கிறவர். மண்ணைப் பார்த்துத்தான் மனுஷனை எடை போடுவார் என்று தரகரே எச்சரித்திருந்தார். பெண் கேட்கப் போனபோது எங்கள் பங்கு நிலத்தைப் பற்றி நானும் கொஞ்சம் கூடவே அளந்து வைத்திருந்தேன். வெண்ணெய் மாதிரி மண்ணு என்றேன். வெண்ணெய் என்றது என் தவறு.

"இன்னா மாப்ள! நின்னுகினு வரீங்க? உத்திரமேரூர்ல சொந்தக்காரங்களுக்குப் பத்திரிகை வைக்கப் போறேன். குடுங்க அத இப்படி" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் வாளி அவர் மடியில் இருந்தது.

பூமியை மட்டும் பார்க்க வேண்டிய துப்பாக்கி இப்போது பூமிக்கு முன்னால் என் மாமனாரைப் பார்த்தது. நடுவில் ஒரு சாண் மணல், ஒரு தகரம், ஒரு எட்டு முழ வேட்டி.

"இதுல இன்னா மாப்ள?"

துப்பாக்கி என்றால் பஸ் கவிழும். வாயில் வந்ததைச் சொன்னேன். "மண்ணு மாமா. ஆபீஸ்ல பரிசோதனைக்கு எடுத்துக்கினு போறேன்." அந்தக் காலத்தில் வயல் மண்ணை விவசாய ஆபீசில் கொடுத்துச் சோதிக்கச் சொல்வார்கள். பட்டணத்துப் பஸ்ஸாக இருந்தால் இந்தப் பொய் அத்தோடு முடிந்திருக்கும். அந்தப் பஸ்ஸில் பூக்காரம்மா, டிரைவர், கண்டக்டர் தவிர எல்லாரும் பயிர் வைக்கிறவர்கள். ஆளாளுக்குக் கழுத்தை நீட்டினார்கள்.

பக்கத்துச் சீட் பெரியவர் வாழையிலை ஓரமாக இரண்டு விரலால் ஒரு சிட்டிகை அள்ளிப் பார்த்தார். "யோவ், இது செய்யாத்து மணலு! இதுல இன்னாத்த வெதைப்பே? தண்ணி ஊத்தினா அந்தாண்ட போயி நிக்கும்."

"உரம் போட்டா வரும்" என்றார் ஒருவர்.

"சிமெண்டு போட்டா வரும்" என்றார் இன்னொருவர். பஸ் சிரித்தது. என் மாமனார் சிரிக்கவில்லை.

"மாப்ள," என்றார் குரலைத் தாழ்த்தி, "இதுதான் உங்க நெலமா?"

"அது... ஒரு ஓரம் மாமா."

"வெண்ணெய் மாதிரின்னு சொன்னீங்க."

அவர் சட்டைப்பையில் மிச்சமிருந்த பத்திரிகைகளை ஒரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.  ஏற்கெனவே பத்திரிகை வைத்த வீடுகளுக்கே அவர் திரும்பப் போய், கல்யாணம் நின்னுபோச்சு என்று சொல்லுகிற காட்சி கண்முன் ஓடியது.

"மேல மணலா இருந்தாலும் அடியில நல்லா இருக்கும். பாக்கறேன் இருங்க" என்று வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு, நாலு விரலையும் வாளிக்குள் விட்டார். நேராகக் கைப்பிடிப் பக்கம். அதற்கு ஒரு விரற்கடை கீழே விசை.

வருங்கால மாமனாரின் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்து வெளியே இழுத்தேன். 

"கைய விடுங்க மாப்ள."

"மாட்டேன் மாமா."

"ஏன்?"

இனிமேல் மறைக்க ஒன்றுமில்லை. குனிந்து அவர் காதில் எல்லாவற்றையும் சொன்னேன். ரிவால்வர், சந்தனம், காலியா இல்லையா தெரியாது, எல்லாம். சொல்லி முடித்ததும் அவர் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் எங்கேயோ இறங்கிப் போனது. கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ வாளியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கோயில் தூணில் செதுக்கினதுபோல உட்கார்ந்திருந்தார். பள்ளத்தில் பஸ் குதிக்கும்போதெல்லாம் வாளி ஆடாமல் அவர் மட்டும் ஆடினார்.

"நான் எடுத்துக்கறேன் மாமா."

"தொடாதீங்க" என்றார் உதட்டை அசைக்காமல். "இப்ப கெளப்பினா யாரப் பாக்கும் சொல்லுங்க? இருக்கட்டும்."

ஒரு நிமிஷத்தில் அவர் என்னைவிட நல்ல மாணவராகிவிட்டார்.

உத்திரமேரூரில் எல்லாரும் இறங்கிய பிறகும் அவர் இறங்கவில்லை. "பெரியவரே, இன்னா, வாளிக்குள்ள முட்டைய அடைவெச்சிகினு கீறீங்களா?" என்று கண்டக்டர் கத்தினார். பிறகு நான் வாளியின் ஒரு பக்கமும் அவர் மறுபக்கமுமாகப் பிடித்து, பல்லக்குத் தூக்குகிறவர்கள் மாதிரி கடைத்தெரு வழியே போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தோம். தெரிந்தவர்கள் வணக்கம் வைத்தார்கள். பதில் வணக்கத்துக்குக் கை ஒழியவில்லை.

தலைமைக் காவலர் வாழையிலையை விலக்கிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "கீழே பாத்த மாதிரி கொண்டாந்தது சரி. ஆனா குழல் வாய மண்ணுல பொதைச்சி அடைச்சிகீறியே, இது வெடிச்சிருந்தா குண்டு வெளிய போவாம குழலே துண்டு துண்டா தெறிச்சிருக்கும். எவன்யா சொன்னான் உனக்கு?"

"ஊர்க்காவல் படையில..."

"இன்னா குடுத்தாங்க உனக்கு?"

"விசில் சார்."

"சரியான ஆளுக்குச் சரியானதுதான் குடுத்திருக்காங்க."

ஸ்டேஷன் பின்புறம், ஆள் நடமாட்டமில்லாத மண்மேட்டைப் பார்த்து ரிவால்வரைப் பிடித்துக்கொண்டு, ஈரத்துணியால் சந்தனத்தை ஊறவைத்து ஊறவைத்துத் துடைத்தார். ஒவ்வொரு வருஷத்து ஆயுத பூஜையும் ஒவ்வொரு நிறத்தில் கரைந்து இறங்கியது. இடம் முழுக்கக் கோயில் வாசனை. நானும் மாமனாரும் அவர் முதுகுக்குப் பின்னால், ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவராக நின்றோம். யார் பின்னால் நிற்பது என்பதில் எங்களுக்குள் கொஞ்சம் தள்ளுமுள்ளும் நடந்தது. கடைசியில் உருளை 'க்ளக்' என்று திறந்தது.

உள்ளே எல்லா அறையிலும் தோட்டா. ஒன்றுகூடக் காலியில்லை. மாமா சுட்ட பன்றி இன்னும் நல்ல ஆரோக்கியத்தோடு எங்கேயோ மேய்ந்துகொண்டிருக்க வேண்டும்.

தலைமைக் காவலர் தோட்டாக்களை எடுத்து வைத்துவிட்டு, சுத்தியலைப் போலப் பின்னால் அடிக்கும் பாகத்தைக் கட்டைவிரலால் இழுத்துப் பார்த்தார். நகரவில்லை. அங்கேயும் சந்தனம் கட்டியாக உறைந்திருந்தது. "இந்த நெலமையில இது வெடிச்சிருக்காதுன்னு நெனைக்கிறேன். ஆனா அத நம்பி எவனும் மடியில வெச்சிக்கக் கூடாது" என்றார்.

மாமனார் இப்போதுதான் முன்னால் வந்தார். "சந்தனம் வெச்சது யாரு?"

"என் அக்கா."

"கெட்டிக்காரி." வேட்டியை உதறிக் கட்டினார். மடியிலிருந்து மணல் கொட்டியது. பிறகு கேட்டார்: "அப்ப இது மில்லு மணல்தான? உங்க நெலம் இல்லியே?"

"இல்ல மாமா. சத்தியமா இல்ல. நம்ம நெலம் கரிசல்தான். வெண்ணெய் இல்ல, ஆனா கரிசல்."

"அதை மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? துப்பாக்கிய மடியில வெச்சிக்கலாம் மாப்ள. அந்த மணல்ல பொண்ணக் குடுக்க முடியுமா?" என்று சொல்லிவிட்டு, பத்திரிகைகளை மணல் போகத் தட்டிச் சரிசெய்துகொண்டு சொந்தக்காரர் வீட்டைப் பார்க்கப் போனார்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. நலங்கு வைக்கும்போது என் கையில் சந்தனம் பூச வந்தவர் மாமனார். மற்றவர்கள் தொட்டு வைத்துவிட்டுப் போனார்கள். அவர் கிண்ணத்தையே கையில் வாங்கிக்கொண்டார். விரல் இடுக்கு, நகக்கண், மணிக்கட்டு என்று ஓர் இடம் விடாமல் அப்பினார். விரல்கள் ஒட்டிக்கொண்டு மடக்க முடியவில்லை.

"போதும் மாமா" என்றேன்.

"இருக்கட்டும் மாப்ள" என்றார் இன்னொரு பிடி அள்ளி. "உங்க கைய இப்படி வெச்சாத்தான் எங்க வூட்டுக்குப் பத்திரம்."