பனிச்சறுக்குக் கட்டைக்கு ஆயுத பூஜை

‘ஆயுத பூஜை. மாலையில் தூறல். ஸ்கூட்டர், கிரைண்டர், லேப்டாப், தையல் மெஷின், மலரின் ஸ்கீ – எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாயிற்று. பொரி நமுத்துவிட்டது.’

அன்றைய நாள்காட்டித் தாளின் பின்புறம் நான் எழுதிய குறிப்பு இது. மாதாமாதம் பத்திரிகையில் பத்தி எழுதுகிறவன் நான்; தாளைக் கிழித்துச் சும்மா குப்பையில் போட மனம் வராது எனக்கு. தூறலைக் கவனித்தேன், பொரியைக் கவனித்தேன்... கவனிக்க வேண்டியதை விட்டுவிட்டேன்.

திருவண்ணாமலையில் ஸ்கீ எதற்கு என்கிறீர்களா? எங்கள் தெருவே அதைத்தான் கேட்கிறது.

மலர் என் மகள். செங்கம் சாலையில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் கணக்குப் பார்க்கிறாள். கல்லூரி நாட்களில் ஒரு மலைப் பயிற்சி முகாமுக்கு வடக்கே போனவள், பனிச்சறுக்குப் பைத்தியமாகத் திரும்பி வந்தாள். அதிலிருந்து குளிர்காலம் வந்தால் விடுப்பு எடுத்துக்கொண்டு ரயிலேறிவிடுவாள். வரும் தை மாதம் அணித் தேர்வு. வயது வரம்புப்படி அவளுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு.

அவளிடம் இருப்பது ஒரே ஜோடி ஸ்கீ. அங்கே ஒரு பயிற்சியாளரிடம் வாங்கிய பழைய ஜோடி; புதிது வாங்க எங்களுக்குக் கட்டுப்படியாகாது. வெயில் காலமெல்லாம் வேங்கிக்காலில் எங்கள் வீட்டுப் பரணில் படுத்திருக்கும்.

ஸ்கீயின் அடிப்பக்கத்தில், இரண்டு ஓரங்களிலும் மெல்லிய இரும்புப் பட்டை ஓடும். எட்ஜ் என்பார்கள். இறுகிய பனியில் திரும்பும்போது கடித்துப் பிடிப்பது அதுதான். அது மழுங்கினால் ஆள் திரும்ப முடியாது – நேராகப் போய் விழ வேண்டியதுதான். ஆகவே சீசனுக்கு முன்னால் அரம் வைத்துத் தீட்ட வேண்டும். மலர் வருஷா வருஷம் வீட்டிலேயே தீட்டிக்கொள்வாள்.

கார்த்திகை தீபக் கூட்டம் வடிந்த வாரம், ஞாயிற்றுக்கிழமை. வாசலில் இரண்டு முக்காலிகளைப் போட்டு, பரணிலிருந்து ஸ்கீயை இறக்கினாள். என் மனைவி சரோஜா அதைப் பழைய பாலியெஸ்டர் புடவையில் குழந்தையைச் சுற்றுவது போல இறுக்கிச் சுற்றியிருந்தாள். பூஜை முடிந்த கையோடு சுற்றியது. தூசி படக் கூடாதாம்.

மலர் புடவையைப் பிரித்தாள். கட்டையைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தாள்.

இரும்புப் பட்டை நெடுக, விட்டு விட்டுப் பழுப்புத் திட்டுகள். காய்ந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டினாள். அடியில் துரு. துருவைத் தேய்த்தாள். அடியில் குழி.

“அம்மாகிட்ட சொல்லாதீங்கப்பா” என்றாள் மெதுவாக. “மழை ஈரம்னு சொல்லிடுங்க.”

“அரம் போட்டா போயிடாதா?”

“குழி எவ்ளோ ஆழமோ, பட்டை முழுக்க அவ்ளோ ஆழத்துக்கு எடுக்கணும்ப்பா. இது ஏற்கெனவே தேஞ்ச ஜோடி. எடுக்க இரும்பு எங்க இருக்கு?”

துருவோடு விட்டால் குழி வரும் இடத்திலெல்லாம் பிடி விட்டுப் போகும். எடுத்தால் பட்டையே மிஞ்சாது. இதில் எதைத் தேர்ந்தெடுப்பது? கடைசியில் அரத்தை எடுத்தாள்.

எட்ஜில் மார்க்கர் பேனாவால் கறுப்புப் பூசினாள். அரத்தைக் கோணம் மாறாமல் பிடிக்க ஒரு சின்ன பிளாஸ்டிக் கட்டை உண்டு. முனையிலிருந்து வால் வரை ஒரே இழுப்பு. கறுப்பு எங்கே போயிருக்கிறது, எங்கே மிச்சமிருக்கிறது என்று பார்ப்பாள். மறுபடி இழுப்பு. நான் மறுமுனையை அமுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

எதிர்வீட்டுக் குமரேசன் பைக் துடைக்கிற துணியோடு வந்துவிட்டார்.

“என்னா மலரு, நம்ம மலையில பனி கொட்டப் போவுதா?”

“ஆமாண்ணா, உங்களுக்கும் ஒரு ஜோடி சொல்லியிருக்கேன்.”

“இத்த போயி தடவிக்கிட்டு இருக்கியே. எங்கிட்ட சாணை மெஷின் கெடக்குது, ரெண்டு புடி புடிச்சா அருவா மாதிரி ஆயிடும்.”

“அருவா மாதிரி ஆனா நான் காலிண்ணா. இது மேசை விளிம்பு மாதிரி மூலையா இருக்கணும். சீவக் கூடாது.”

“மூலையா இருந்தா எப்படிம்மா வெட்டும்?” என்று என்னைப் பார்த்தார். எனக்கும் அதே சந்தேகம்தான்.

இந்தப் பேச்சுக்கு நடுவில் சரோஜா காபியோடு வந்தாள். “மழை ஈரம், துரு ஏறிடுச்சு” என்றேன், அவள் கேட்காமலேயே. கேட்காமலேயே சொல்லியிருக்கக் கூடாது.

டம்ளர்களை வைத்துவிட்டு ஸ்கீயின் அருகில் வந்தாள். அரம் படாத பக்கத்தைப் பார்த்தாள். கையை விரித்தாள். கட்டை விரல் ஒரு திட்டின் மேல், சுண்டு விரல் அடுத்த திட்டின் மேல். கையை நகர்த்தினாள். கட்டை விரல்... சுண்டு விரல்... பிசகவே இல்லை. நீளமான பொருளுக்கு ஒரே ஒரு பொட்டு போதாது என்று சாண் சாணாக அளந்து வைத்தவள் அவள்தானே.

“எங்க வீட்ல கலப்பைக்குக் கொழு மேலதான் பொட்டு வைப்பாங்க” என்றாள். அவள் கீழ்பென்னாத்தூர்க்காரி. “இரும்பு எங்க இருக்கோ அங்கதான் வைக்கணும்னு...”

“அம்மா, இது மழைம்மா.”

சரோஜா உள்ளே போய்விட்டாள்.

நம் வீடுகளில் அன்பு என்றால் ஏதாவது ஈரமாக அப்பியாக வேண்டும். தலைக்கு எண்ணெய், நெற்றிக்குச் சந்தனம், வாசலுக்குச் சாணம். மனிதர்கள் தாங்கிக்கொள்வார்கள். இரும்பு அப்படியில்லை. சந்தனத்துக்குப் பதில் எண்ணெயைத் தடவியிருந்தால்கூடப் பிழைத்திருக்கும்... ஆனால் சாமிக்கு முன்னால் வைக்கிற பொருளுக்கு யார் எண்ணெய் தடவுகிறார்கள்?

மலர் அரத்தை விடவில்லை. முனைப் பக்கம் சுத்தமானது. கூர்மை தெரிய நகத்தை வைத்து இழுத்துக் காட்டினாள் – நகத்திலிருந்து மெல்லிய சீவல் வந்தது. எனக்குக் கொஞ்சம் நம்பிக்கைகூட வந்துவிட்டது. அப்புறம் நடுப்பகுதி. பாதம் நிற்கிற இடம், உடம்பின் பாரமெல்லாம் இறங்குகிற இடம். அங்கே துரு பட்டைக்கு அடியிலும் போயிருந்தது போல. அரம் போய் வந்தது. டிக் என்று ஒரு சத்தம். விரல் நீளத்துக்குப் பட்டை பெயர்ந்து முக்காலியடியில் விழுந்தது.

குமரேசன் குனிந்து எடுத்து அவளிடம் நீட்டினார். “ஒட்ட வெச்சிடலாமா?” என்றார். இந்த முறை கிண்டல் இல்லை.

“முடியாதுண்ணா.”

“அங்கே வாடகைக்குக் கிடைக்காதா?” என்றேன்.

“கிடைக்கும்ப்பா. ஊரே ஓட்டி ஊரே விழுந்த கட்டை. ஐஸ்ல நிக்காது.” அரத்தில் ஒட்டியிருந்த பொடியைத் துடைத்தாள். “பேர் குடுத்தாச்சு. போய் விழுந்துட்டு வரேன்.”

அன்று சாயங்காலம் சரோஜா என் மேசைக்கு வந்தாள். பெயர்ந்த பட்டைத் துண்டு என் முன்னால் கிடந்தது.

“எல்லாத்தையும் தேதி போட்டு எழுதி வெப்பீங்களே. மறைக்காம சொல்லுங்க... என் சந்தனமா, மழையா?”

“பரண்ல ஒழுகல் இருக்கு” என்றேன். உண்மைதான், ஒழுகல் இருக்கிறது. ஆனால் அந்தப் பக்கத்திலா, இந்தப் பக்கத்திலா?

“அப்ப மழைதானா?”

“சரியா தெரியல சரோ.”

கண்டுபிடிப்பது சுலபம். அந்தத் துண்டை இரண்டாக்கி, ஒரு பாதிக்குச் சந்தனம் தடவி, மறு பாதியை ஒழுகலுக்கு அடியில் வைத்தால் சில வாரங்களில் விடை வந்துவிடும். நான் செய்யவில்லை. செய்யப்போவதும் இல்லை. துருவின் காரணம் – உறுதி செய்யப்படவில்லை.

இந்தப் பத்தியில் என் பிழைகளைத் திருத்தி மாதந்தோறும் எனக்கு எழுதும் வாசகர்களே... இந்த ஒரு வரியை மட்டும் சரிபார்க்க வேண்டாம்.