அம்மா சொன்ன பாதிக் கலிமா

இயேசுவை இரட்சகராக அறிக்கையிடாமல் கண்மூடும் எவருக்கும் பரலோகத்தில் இடமில்லை என்று எங்கள் குடும்பம் அந்நாளில் நம்பியது. யூதர்கள் ஆண்டவரைச் சிலுவையில் அறைந்தவர்கள். இஸ்லாமியர்கள் அவரை நபியென்று ஏற்றும் தேவகுமாரனென்று ஏற்காதவர்கள். இருசாராரும் வாசல்வரை வந்தும் உள்ளே வராமல் நிற்கிறவர்கள் என்று ஞாயிறு பள்ளியில் எங்களுக்குச் சொல்லித் தந்தவர் அம்மாதான். அதை அவர் கோபத்தோடு சொன்னதில்லை. ரயிலைத் தவறவிடப் போகிறவர்களுக்காகப் பதறுகிறவரைப்போலச் சொல்வார். இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களில் பலர் அந்தப் பாடத்தை அம்மாவிடம் படித்தவர்கள். சிலர் பிற்பாடு நடந்ததைக் கேள்விப்பட்டு மனம் வருந்தியவர்கள். நடந்தது நடந்தபடியே ஓரிடத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்று கருதி, அம்மாவின் முதலாம் ஆண்டு நினைவு நாளில் மகளாகிய நான் இதை எழுதுகிறேன்.

அம்மா பிறந்தது சோழவந்தானுக்கு மேற்கே, வெற்றிலைக் கொடிக்கால்களை ஒட்டியிருந்த ஒரு சிறு குடியிருப்பில். அவருடைய தகப்பனார் கொடிக்கால்களில் கூலிக்குத் தண்ணீர் இறைத்தவர். குடும்பம் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்தபின் அம்மா மதுரையிலுள்ள மிஷன் விடுதிப் பள்ளியில் எட்டாம் வகுப்புவரை படித்தார். அப்பாவை மணந்து தல்லாகுளத்துக்குக் குடிவந்தார். அப்பா பள்ளி ஆசிரியர். சபைக் கமிட்டியின் எழுத்தராகவும் இருந்தார். எனக்கு முன் பிறந்த இரண்டு பிள்ளைகளையும் ஒரே கோடையில் காலரா கொண்டுபோனது. அந்தத் துக்கத்தை வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்க முடியாமல்தான், பெண்களுக்கு வீடு வீடாகச் சென்று எழுத்தும் வேதமும் கற்றுக்கொடுக்கும் ஊழியத்தை அம்மா ஏற்றார்.

அந்த ஊழியத்துக்கென்று ஒரு முறை இருந்தது. முதலில் அரிச்சுவடி, அடுத்துத் தையல், அதன்பின் வேதக்கதை, எழுந்து வருமுன் ஒரு ஜெபம். சனிக்கிழமைதோறும் எந்த வீட்டில் யாருடைய மனம் எவ்வளவு இளகியிருக்கிறது என்று மிஷனின் வெள்ளைக்காரத் துரைசாணி அம்மையாருக்கு அறிக்கை எழுதித் தரவேண்டும். வைகையின் தென்கரையில் ஒரு முஸ்லிம் தெருவில் குடியிருந்த ஆமினாம்மா என்பவரைப் பற்றி அம்மா பத்து ஆண்டுகளாக ஒரே வாக்கியத்தை எழுதிவந்தார்: ‘அன்போடு கேட்கிறார்.’

ஆமினாம்மா கணவரை இழந்தவர். தொப்பி தைத்து, தம் ஒரே மகள் நூர்ஜகானை வளர்த்துவந்தார். சிறுமியாயிருந்தபோது விடுமுறை நாள்களில் நானும் அம்மாவோடு அங்கே போயிருக்கிறேன்.

“டீச்சரம்மா, நீங்க சொல்ற ஆபிரகாம் எங்க இப்ராகீம் நபிதானே? எங்க வீட்டுச் சரக்கை எங்களுக்கே விக்கிறீகளே” என்பார் ஆமினாம்மா.

“கதை ஒண்ணுதான். போய்ச் சேர்ற இடந்தான் வேற. கேளுங்க” என்பார் அம்மா.

“கேக்குறேன். கேக்காம எங்க போகப் போறேன்? காப்பி ஆறுது, அதக் குடிச்சிட்டு என்னைய ரட்சிங்க.”

அம்மா சிரித்துவிடுவார். ஆனால் வீடு திரும்பியதும் ஆமினாம்மாவின் பெயரைச் சொல்லி முழங்காலில் நிற்பார். தாம் தவறினால் அந்த ஆத்துமாவுக்குத் தாமே உத்தரவாதி என்ற பயம் அவருக்கு இருந்தது.

இரண்டாம் உலகப் போர் தொடங்குவதற்குச் சற்று முன்பு ஆமினாம்மாவுக்கு நெஞ்சு நோய் முற்றியது. பெண்கள் மருத்துவமனை ஒன்றில் சேர்த்தார்கள். அங்கே மருத்துவராக இருந்தவர் ஜெர்மனியிலிருந்து தப்பி வந்திருந்த ஒரு யூதப் பெண்மணி. எங்கள் குடும்பம் கண்ட முதல் யூதர் அவரே. முதல் நாள் அம்மா அவருடைய கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாராம். ஆண்டவரை ஆணியடித்த ஜனம் என்று நமக்குப் படிப்பித்திருந்தார்கள் அல்லவா? அந்தக் கைகள் ஆமினாம்மாவின் வாயோரத்து இரத்தத்தைத் துடைத்துக்கொண்டிருந்தன.

ஒரு வெள்ளிக்கிழமை நண்பகல் ஆமினாம்மாவுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. அவருடைய அண்ணன் ஜும்மா தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார். அவரை அழைத்துவர நூர்ஜகான் ஓடினாள். கட்டிலருகே அம்மாவும் அந்த மருத்துவரும் மட்டுமே இருந்தார்கள். இறுதி மூச்சில் கலிமா என்னும் விசுவாச வாக்கியம் நாவில் இருக்கவேண்டும் என்பது இஸ்லாமியரின் ஆசை. நாக்குப் புரளாதவருக்கு அருகிலிருப்பவர் அதை எடுத்துக்கொடுப்பது அவர்கள் வழக்கம். ஆமினாம்மா அம்மாவின் கையைப் பிடித்து, “எடுத்துக் குடுங்க” என்றார்.

அம்மாவின் பையில் சுவிசேஷப் புத்தகம் இருந்தது. எந்த நேரத்துக்காகப் பத்து ஆண்டுகள் உழைத்தாரோ அந்த நேரம் அதுதான். இயேசுவை ஏற்கிறீர்களா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அம்மா குனிந்து, ஆமினாம்மாவின் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் கேட்டுக் கேட்டு மனத்தில் பதிந்திருந்த கலிமாவின் முற்பாதியைச் சொன்னார். அல்லாஹ்வைத் தவிர வேறு இறைவன் இல்லை என்பது அதன் பொருள். ஆமினாம்மா தட்டுத் தடுமாறி அதை உடன் சொன்னார். முகம்மது அவருடைய தூதர் என்னும் பிற்பாதிக்கு வந்தபோது அம்மாவுக்கு வாய் வரவில்லை. நிறுத்திவிட்டார். ஆமினாம்மா அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு மீதியைத் தாமே, ஒவ்வொரு சொல்லாக, சொல்லி முடித்தார்.

அண்ணன் வந்து சேர்ந்தபோது உயிர் பிரிந்திருந்தது. அம்மா அவரிடம் மறைக்கவில்லை.

“முழுசும் நான் சொல்லலைங்க பாய். என் மனசாட்சி எடம் குடுக்கல. மீதிய அவுகளே சொல்லிட்டாக.”

அவர் குனிந்து தங்கையின் கண்களை மூடினார். “நம்பாம நீங்க முழுசும் சொல்லியிருந்தாத்தான் எனக்குச் சங்கடமா இருந்திருக்கும், தங்கச்சி” என்றார்.

அம்மா எடுத்துக்கொடுத்த கலிமாவின் பொருளை மருத்துவர் ஆங்கிலத்தில் கேட்டறிந்தார். கர்த்தர் ஒருவரே என்று சொல்லித்தான் தம் யூத இனத்தாரும் கண்மூடுவார்கள் என்றார். தம் தாயை ஜெர்மனியிலேயே விட்டுவிட்டு வந்திருப்பதாகவும், அவருக்கு அதை எடுத்துக்கொடுக்க யார் இருப்பார்களோ தெரியவில்லை என்றும் சொன்னாராம். அம்மா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் சனிக்கிழமை. அம்மா எதையும் விடாமல் அறிக்கையில் எழுதிக் கொடுத்தார். எழுதாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அடுத்த வாரமே சபைக் கமிட்டி கூடியது. கூட்டம் நடந்த அறைக்கு வெளியே வராந்தாவில் நான் உட்கார்ந்திருந்தேன்.

“பத்து வருசம் வெதச்சு, அறுக்குற அன்னைக்கு அருவாள அடுத்தவக கையில குடுத்திட்டீகளேம்மா” என்றார் ஒரு மூப்பர்.

“நான் அறுக்கப் போகலண்ணே. ஒரு பொம்பள சாகும்போது கூட இருக்கப் போனேன்.”

அம்மாவுக்கு ஆதரவாக மருத்துவர் எழுதித் தந்திருந்த கடிதத்தைப் போதகர் எடுத்தார். “யூதச்சி சாட்சி நமக்கு எதுக்கு?” என்றார் அதே மூப்பர்.

“அப்ப மரியாளம்மா சாட்சியும் வேண்டாமாண்ணே? அவுகளும் யூதர்தானே.”

இயேசுவே வழி என்று இன்னமும் விசுவாசிக்கிறீர்களா என்று போதகர் மெல்லக் கேட்டார்.

“விசுவாசிக்கிறேன், ஐயா. எனக்கு அவரத் தெரியும். அவருக்கு யார் யாரத் தெரியும்னு எனக்குத் தெரியாது.”

ஊழியத்திலிருந்து அம்மாவை நீக்குவதென்றும், மூன்று திருவிருந்து ஆராதனைகளில் அவர் பங்குபெறக்கூடாதென்றும் தீர்மானித்தார்கள். அதைக் குறிப்பேட்டில் எழுதியவர் அப்பா. அவருடைய கையெழுத்து எப்போதும்போல் திருத்தமாகவே இருந்தது. ஆனால் அடுத்த திருவிருந்தில் அப்பமும் கிண்ணமும் வரிசையில் தம்மிடம் வந்தபோது, தாம் எடுக்காமல் பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்துவிட்டார். மூன்று ஆராதனைகளிலும் அப்படியே செய்தார். பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த அம்மா தலை நிமிரவில்லை.

அதன்பின் அம்மா தையல் வேலை செய்து குடும்பத்துக்கு உதவினார். வாரம் ஒருநாள் நூர்ஜகானைப் பார்க்கப் போவார். யாருக்கும் அறிக்கை தரவேண்டியதில்லை. சில ஆண்டுகள் கழித்து ஞாயிறு பள்ளிக்கு அவரை மீண்டும் அழைத்தார்கள். போனார். யூதரையும் இஸ்லாமியரையும் பற்றிய பாடத்தை மட்டும் வேறொருவரை நடத்தச் சொல்லிவிட்டார்.

கடைசி ஆண்டில் இருதயம் தளர்ந்து படுக்கையில் இருந்தார். சென்ற ஆண்டு ஒரு விடியற்காலையில், அப்பா சங்கீதம் வாசித்துக்கொண்டிருக்கையில், அமைதியாகக் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

அடக்க ஆராதனை நடத்திய போதகருக்கும், அன்று கமிட்டியில் கண்டித்துப் பேசியும் அடக்கத்தன்று பெட்டியின் ஒரு முனையைத் தோளில் சுமந்த மூப்பருக்கும், கொட்டும் மழையில் குழிவெட்ட ஆள் அழைத்துவந்த நூர்ஜகானின் மாமாவுக்கும், நோய்க்காலத்தில் கஞ்சி கொண்டுவந்த அக்கம்பக்கத்தாருக்கும் எங்கள் குடும்பம் நன்றி செலுத்துகிறது. போர் முடிந்தபின் கடல் கடந்து போய்விட்ட மருத்துவர் இரங்கல் கடிதம் எழுதியிருந்தார். அதில் தம் தாயாரைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.

அம்மா செய்தது சரியா, தவறா என்று அப்பா இன்றுவரை சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. ஆமினாம்மாவின் வீட்டில் நூர்ஜகான் தன் குழந்தைகளோடு இருக்கிறாள். எங்கள் வீட்டில் அப்பாவும் நானும் இருக்கிறோம்.