வேலியோரத்துச் செந்தொண்டை

குருவி பார்ப்பது வெட்டிப்பயல் வேலை என்று என் ஆபீசில் எல்லோரும் சொன்னார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். அப்போது நான் மதுரையில் சர்க்கார் குமாஸ்தா. விடிந்ததும் பூங்காவில் போய் உட்கார்ந்துவிடுவேன். கூட வருகிறவன் சிம்மக்கல் பக்கத்து நெசவாளி. அவர்கள் வீட்டில் பேசும் பாஷை வேறு. என்னை மாப்ள என்றுதான் கூப்பிடுவான். எங்களிடம் பைனாகுலர் எல்லாம் கிடையாது. ஆனால் ஒரு சிவப்புக்கும் இன்னொரு சிவப்புக்கும் உள்ள வித்தியாசம் அவன் கண்ணுக்குத் தப்பாது.

மார்கழியில் ஒருநாள் அவன்தான் காட்டினான். தண்ணீர்க் குழாயடியில், மருதாணி வேலிக்குக் கீழே, மண்ணிறத்தில் ஒரு குருவி வாலைத் தூக்கிக்கொண்டு தத்தியது. திரும்பியபோது தொண்டை தெரிந்தது. வெற்றிலை போட்ட நாக்கு மாதிரிச் சிவப்பு. படப் புத்தகத்தில் தேடினோம். இமயமலைக்கு அப்பாலிருந்து குளிருக்கு வங்காளம் வரை வருமாம். இவ்வளவு தெற்கே யாரும் கண்டதில்லையாம். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தப் பெருமையில்தான் புத்திகெட்டுப்போய், பறவைகளைப் பட்டியல் போடுகிற ஒரு சங்கத்துக்குக் கடிதம் எழுதினேன். கண்ணால் பார்த்ததெல்லாம் பட்டியலில் ஏறாது என்று பதில் வந்தது. அந்தக் காலத்து வழக்கம் அது. சுட்டு, தோலை உரித்து, பஞ்சடைத்து அனுப்பினால்தான் ஏறும். உங்கள் ஊரிலேயே இருக்கும் துரை ஒருவர் ஞாயிறு காலை துப்பாக்கியோடு வருவார், இடத்தைக் காட்டவும் என்று எழுதியிருந்தார்கள்.

நண்பனிடம் படித்துக் காட்டினேன். திட்டுவான் என்று நினைத்தேன். திட்டவில்லை.

“காயிதம் எழுதுனது நீ மாப்ள. கையக் காட்டிச் சுடச் சொல்லப்போறதும் நீதானா?”

வெட்கமாகிவிட்டது. குருவியை விரட்டிவிடலாமா என்றேன். விரட்டினாலும் அது அரைமணியில் அதே வேலிக்குத் திரும்பிவிடும் என்பது இருவருக்குமே தெரியும். தெரு ஆட்களோடு ஞாயிற்றுக்கிழமை வருவதாக மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

துரை வந்தபோது பூங்கா வாசலிலிருந்து பாதை நெடுக பாவு நீண்டு கிடந்தது. தறியில் ஏற்றுமுன் நூலை நீளவாட்டில் இழுத்துக் கட்டிக் கஞ்சி பூசுகிற வேலை அது. எப்போதும் அவர்கள் தெருவில் நடக்கும். அன்று பூங்காவுக்குள் ஆணும் பெண்ணுமாகப் பன்னிரண்டு பேர் இரண்டு பக்கமும் பிரஷ்ஷால் நூலை நீவிக்கொண்டு மேலும் கீழும் நடந்தார்கள். அத்தனை நடமாட்டத்தில் எந்தக் குருவி தலைகாட்டும்? துரை எடுக்கச் சொல்லிக் கத்தினார். காய்வதற்குள் எடுத்தால் இழை இழையோடு ஒட்டி அவ்வளவு நூலும் பாழ் என்று ஒரு அம்மாள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார். அதை நான் துரைக்கு இங்கிலீஷில் சொன்னேன், கொஞ்சம் காரம் சேர்த்தே சொன்னேன்.

துரை என் பக்கம் திரும்பினார். நாளைக்கு இந்த நூல் இங்கே இருக்காது, எந்தப் புதர் என்று மட்டும் சொல் என்றார். சொல்லாவிட்டால், குமாஸ்தா புளுகினான், மதுரையில் அப்படி ஒரு பறவையே இல்லை என்று சங்கத்துக்கு எழுதப்போவதாகவும், அப்புறம் நான் ஆயுசுக்கும் எழுதுகிற எதையும் அங்கே யாரும் படிக்கப்போவதில்லை என்றும் சொன்னார்.

எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது.

“எழுதிக்கோங்க,” என்றேன், தமிழிலேயே. “நான் சொல்ல மாட்டேன்.”

எழுதினார். சில மாதம் கழித்து அச்சிலும் வந்தது, உள்ளூர் குமாஸ்தா ஒருவரின் கற்பனை என்று. வயிறு எரிந்தது, எரியவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். இன்று வரை அந்தப் பட்டியலில் மதுரை கிடையாது. ஆனால் அந்த வருஷம் பங்குனி வரை, இல்லாத அந்தக் குருவியை நாங்கள் இரண்டு பேரும் தினம் காலையில் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம்.