ஒன்றாம் அறையை விழுங்கிய பட்டியல்

ஒரு மொழியில் பட்டியல் ஒன்றில் தொடங்கும், இன்னொரு மொழியில் பூச்சியத்தில் தொடங்கும். புரோகிராம் எழுதிப் பிழைக்கும் நம்மில் இந்த இடைவெளியில் விழாதவர் எவருமில்லை.

நேர்முகம்

வெள்ளவத்தையில் ஒரு சிறிய கம்பனி. பட்டியல் எந்த எண்ணில் தொடங்கும் என்று முதலாளி கேட்டார். கம்பசில் பாஸ்கல் மொழி படித்தவன் நான். "நாங்கள் சொல்லுகிற எண்ணில் தொடங்கும், சேர்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "பாஸ்கலில சரி. கொழும்பில நாங்கள் சொல்லுற இடத்தில ஒண்டும் தொடங்காது, தம்பி."

லொட்ஜ்

யுத்த காலம். கம்பனிக்குப் பக்கத்து லொட்ஜில் தங்கும் தமிழர்களின் பெயர்களை, அறை வரிசைப்படி, தினமும் காலையில் பொலிஸில் கொடுக்க வேண்டும். அந்தப் பட்டியலை அச்சடித்த பழைய புரோகிராம் கோபோல் மொழியில் இருந்தது. அதில் முதல் ஆள் ஒன்றாம் இடம். கம்பனியில் வேலைக்குச் சேர்ந்ததும் நான் அதை 'சி' மொழியில் மாற்றி எழுதினேன். அதில் முதல் ஆள் பூச்சியமாம் இடம். பெயர்களைச் சரியாகப் பூச்சியத்திலிருந்து நிரப்பிவிட்டு, அச்சடிக்கும்போது பழக்கதோஷத்தில் ஒன்றிலிருந்து தொடங்கிவிட்டேன்.

தாளில் வரிசை எண் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒழுங்காக விழுந்தது. எண்களைப் பார்த்தேன், பெயர்களைப் பார்க்கவில்லை. லொட்ஜ்காரருக்கோ சந்தோஷம்.

"முந்தினதை விட வடிவா இருக்குத் தம்பி, பொலிஸ்காரனே மெச்சினவன்."

பொலிஸ்

மூன்றாம் நாள் காலை லொட்ஜைச் சோதித்தார்கள். ஒன்றாம் அறையில் குலேந்திரன், கனடா விசாவுக்குக் காத்திருந்தவர். பூச்சியமாம் இடத்தில் இருந்த அவர் பெயர் பட்டியலில் விழவில்லை. ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். அப்பா ஒருகொடவத்தையில் மூட்டை தூக்குகிறார். வேலை போய்விடும் என்ற பயத்தில் அரை நாள் வாய் திறக்கவில்லை. பிறகு திருத்திய தாளோடு பொலிஸுக்குப் போய், பிழை என்னுடையது என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். அதிகாரி இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, தம்பி என்று சிங்களத்தில் அழைத்துச் சொன்னார்:

"கொம்பியூட்டர் பிழை விடாது மல்லி, நீதான் இவனைப் பிறகு சேர்த்திருக்கிறாய்."

ஒன்றாம் அறை

ஐந்தாம் நாள் குலேந்திரனை விட்டார்கள். இடது காதைப் பொத்திக்கொண்டே இருந்தார். நான் கடதாசியில் பெட்டி பெட்டியாகக் கீறி, நடந்ததை ஒளிக்காமல் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"விளங்குது. இனி என்னை நடு அறையில போடச் சொல்லும், ஐசே."

என் தொழிலில் நான் செய்த ஆகச் சிறிய திருத்தம், ஒன்றை அழித்துப் பூச்சியம் போட்டதுதான்; அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மனிதனின் காது தேவைப்பட்டது.