உறையாத கொழுப்பு

ஏலாக்குறிச்சியில் பன்றிக்கறி விற்பவர் அவர். ஒல்லி உடம்பு, எளிதில் இமைக்காத கண்கள். முதுகுக் கொழுப்பைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்காமல் எந்தக் கறியையும் தராசில் வைக்கமாட்டார்.

கிறிஸ்துமஸ் விற்பனைக்காக நான் வளர்த்த பன்றியை அவரிடம் கொண்டுபோனேன். வெட்டிப் பிரித்தார். மார்கழிக் குளிரில் வெள்ளையாக, கெட்டியாக இருக்க வேண்டிய கொழுப்பு, அவர் விரல் பட்டதும் குழைந்து எண்ணெயாகக் கசிந்தது.

"இதுக்கு என்னங்க போட்டீங்க?"

"பஜ்ஜிக் கடையில மிஞ்சுற எண்ணெயத் தீவனத்துல ஊத்துனேண்ணே. மளமளன்னு வளந்துடுச்சு."

"வளரும். தின்ன எண்ணெய் எங்கயும் போவாது. கறியிலதான் வந்து நிக்கும்." கறியை ஓரமாகத் தள்ளினார். "நீங்க எங்க சாப்புடுறீங்க?"

"தனியாத்தானண்ணே இருக்கேன். ரெண்டு வேளையும் அதே கடைதான்."

அவர் சிரிக்கவில்லை. என் முன்கையைப் பிடித்துக் கட்டைவிரலால் அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது. கறியைப் பார்த்த அதே பார்வையால் அதையும் பார்த்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

பன்றிகளுக்கு அந்த எண்ணெயை ஊற்றுவதை அன்றே நிறுத்திவிட்டேன். ஆனால் தினமும் குளித்ததும் என் கையை அழுத்திப் பார்க்கிறேன். குழி மறையத் தாமதமாகிறது. அவர் என்ன பார்த்தார் என்று போய்க் கேட்கத்தான் இன்னும் துணிவு வரவில்லை.