இருபத்தெட்டுக் கால் ஐ.சி.

எங்கள் வீட்டுக் காலிங் பெல் பேசும். வாசலில் இருக்கும் சிவப்பு சுவிட்சை அமுக்கினால், "யாருங்க? இந்தா வாரேன், கொஞ்சம் நில்லுங்க" என்று என் மனைவியின் குரல் வரும். கல்யாணமான புதிதில் நானே செய்தது. தாலுகா ஆபீசில் கிளார்க் வேலை முடிந்து வந்ததும் பழைய ரேடியோக்களோடும் சால்டரிங் அயர்னோடும் உட்கார்ந்துவிடுகிறவன் நான். அந்தக் கிறுக்குக்கு அவள் கொடுத்த ஒரே ஒத்துழைப்பு இந்த நாலு வினாடிப் பேச்சுதான். அதையும் ஆறு தடவை சிரித்துக் கெடுத்தாள். ஏழாவது தடவை, "இதுக்கு மேல நம்மால ஆகாது, அடுப்புல பால் கெடக்கு" என்று எச்சரித்துவிட்டுப் பேசினாள்.

பெல்லுக்கு எங்கள் தெருவில் நல்ல பேர். தபால்காரர் அதற்கு "சரிம்மா" என்று பதில் சொல்லிவிட்டு நிற்பார். ஒரு ஆடித் தபசு அன்று வீட்டைப் பூட்டிக்கொண்டு நாங்கள் கோயிலுக்குப் போயிருந்தோம். பனவடலிசத்திரத்திலிருந்து வந்த என் சித்தப்பா, பெல் சொன்னதை நம்பி ஒன்றரை மணி நேரம் வாசலிலேயே நின்றுவிட்டார். "வாரேன் வாரேங்கா, வரவே மாட்டேங்கா" என்ற ஆத்திரம் அவருக்கு இன்னும் அடங்கவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் மதுரையில் அவளுக்குத் தொண்டையில் ஆபரேஷன் நடந்தது. உயிர் பிழைத்தாள், குரல் போய்விட்டது. இப்போது வாயசைத்தால் காற்று மட்டும்தான் வரும். சொல்ல வேண்டியதை ஒரு நோட்டில் எழுதிக் காட்டுவாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் யாரோ பெல்லை அமுக்க, அந்தக் குரல் வீடு முழுக்கக் கேட்டது. கழற்றிவிடலாம் என்று ஸ்டூலை எடுத்தேன். அவள் வந்து ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு, வேண்டாம் என்று தலையாட்டினாள். அதன் பிறகு பூ வாங்கப் போய்விட்டு வரும்போதெல்லாம், கையில் சாவி இருந்தாலும், ஒரு தடவை பெல்லை அமுக்கிவிட்டுத்தான் உள்ளே வருவாள். நான் கவனிக்காதது போல இருந்துகொள்வேன்.

போன ஐப்பசியில் பக்கத்தில் எங்கோ இடி விழுந்தது. எங்கள் வீட்டில் டிவியும் பெல்லும் போயின. டிவியை அன்றே சரி பண்ணியாயிற்று.

பெல்லுக்குள் இருப்பது ஒரு ஐ.சி., குரலைப் பதிந்து வைக்கிற சில்லு. ஆள்காட்டி விரலில் பாதி நீளம், கறுப்பு, இருபத்தெட்டுக் கால். குரல் அதற்குள்ளேயே இருக்கும். கரண்ட் இல்லாவிட்டாலும் அழியாது. ஆனால் வெளியே எடுக்க ஒரே வழி, அதைப் பேச வைப்பதுதான். அதைச் சுற்றியிருந்த போர்டு கருகிப்போயிருந்தது. ஐ.சி.யும் செத்துவிட்டதா, பிழைத்துக் கிடக்கிறதா என்று பார்த்துச் சொல்ல முடியாது. புது போர்டு செய்து நேராக இதைச் செருகிப் பார்த்திருக்கலாம். ஆனால் ஒரு வயர் மாறினாலும் இருப்பதும் போய்விடும். முதலில் அதே நம்பரில் வேறொரு ஐ.சி.யைப் போட்டு போர்டைச் சோதித்துவிட்டு, பிறகு இதைப் போடுவது என்று முடிவு செய்தேன். அந்த நம்பரைச் செய்வதை நிறுத்தி வருஷக்கணக்காகிறது.

அவள் குரல் வேறு எதிலும் இல்லையா என்று கேட்பீர்கள். நானும் தேடினேன். கல்யாண வீடியோவில் முதலிலிருந்து கடைசி வரை சினிமாப் பாட்டுப் போட்டு வைத்திருக்கிறார்கள். அவள் வாயசைக்கிற இடமெல்லாம் யாரோ பாடுகிறார்கள். போனில் எத்தனையோ பேசினாள், நான்தான் ஒன்றையும் பதிந்து வைக்கவில்லை. இத்தனை வருஷத்தில் ஒரு நாள் பெல் அடிக்கும்போது போனை நீட்டிப் பிடித்திருந்தால் போதும், வேலை முடிந்திருக்கும். இருபது ரேடியோவுக்கு உயிர் கொடுத்தவன் என்று ஆபீசில் பீற்றிக்கொள்கிறவனுக்கு அது தோன்றவே இல்லை. என்னை எதால் அடிப்பது என்று எனக்கே தெரியவில்லை.

முதலில் எங்கள் ஊரிலேயே, முன்பு ரேடியோ சாமான் விற்ற கடைக்குப் போனேன். கடைக்காரர் நம்பரைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இதெல்லாம் இப்ப எவன் வச்சிருக்கான், அண்ணாச்சி? போன் கவர் வேணும்னா சொல்லுங்க, புது டிசைன் வந்திருக்கு."

திருநெல்வேலியில் ஒரு கடையில் இன்னும் அன்பாகப் பேசினார்கள். "மெமரி கார்டு மாட்டுத போர்டு இருக்கு சார். யாரு குரல வேணும்னாலும் எத்தன தடவ வேணும்னாலும் பதிஞ்சுக்கிடலாம்." எனக்கு ஒரே ஒரு குரல்தான் வேண்டும், அதைப் பதியவும் முடியாது என்று அந்த மனிதரிடம் எப்படிச் சொல்வது? அப்புறம் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து பஸ் ஏறினேன். மதுரையில் கேட்டேன், ஆபீஸ் நண்பர் மூலம் சென்னையில் கேட்டேன். ஆன்லைனில் ஒருவனிடம் இருந்தது. நாற்பது நாள் கழித்து மூன்று ஐ.சி. பார்சலில் வந்தன. சந்தேகப்பட்டு பெயின்ட் தின்னரைப் பஞ்சில் தொட்டு ஒன்றைத் துடைத்தேன். மேலே அச்சடித்த நம்பர் பஞ்சோடு வந்துவிட்டது. கீழே வேறு நம்பர். மூன்றும் அப்படித்தான்.

அவள் ஒவ்வொரு தடவையும் என் முகத்தைப் பார்ப்பாள். "பார்ட்ஸ் கெடைக்கல" என்பேன். சரி, அடுத்த தடவை என்பது போலக் கையாட்டுவாள். கிடைக்காதது வெறும் சாமான் என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். சாமான் கிடைத்தால் தன் குரல் வந்துவிடும் என்று நம்பினாள். அந்தக் குரல் ஒரே ஒரு ஐ.சி.க்குள் மாட்டிக்கொண்டு கிடப்பதை, அது செத்தும் போயிருக்கலாம் என்பதை, நான் அவளிடம் சொல்லவில்லை.

கடைசியில் அது கடையநல்லூரில் கிடைத்தது. சவுதியில் பல வருஷம் இருந்துவிட்டு வந்த ஒரு பாய், ஒரு பட்டா விஷயமாக எங்கள் ஆபீசுக்கு வந்து பழக்கமானவர். பேச்சுவாக்கில், ஆள் இல்லாத நேரத்தில் போனை எடுத்துப் பதில் சொல்கிற மெஷின் ஒன்றை அங்கிருந்து கொண்டுவந்தேன் என்றார். அந்தக் கால மெஷினில் குரலைப் பதிவதும் இதே மாதிரி ஐ.சி.தான். அன்று சாயங்காலமே அவர் வீட்டில் போய் நின்றேன்.

"ஒருநா கூட மாட்டல சார். எங்க வீட்டுலதான் எப்பவும் பத்துப் பேரு இருப்பாங்களே, ஆளில்லாத நேரம் எங்க இருக்கு? எடுத்துட்டுப் போங்க" என்றார்.

அவர் வீட்டுக் கூடத்திலேயே மூடியைக் கழற்றினேன். அதே நம்பர், சாக்கெட்டில் செருகியபடி, கால் ஒன்றும் துருப்பிடிக்காமல் இருந்தது. பாய் டீ கொடுத்தார். சந்தோஷத்தில் அதைக் குடித்தேனா என்பதே நினைவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை கூடத்தில் உட்கார்ந்து புது போர்டு செய்தேன். பழைய பெல்லில், அவள் பேசி முடித்த அன்றே பதிவு சுவிட்சை வெட்டி எறிந்திருந்தேன், யாரும் தெரியாமல் அமுக்கி அழித்துவிடக் கூடாது என்று. ஆனால் பாய் கொடுத்த ஐ.சி.யில் ஒன்றும் இல்லை, எதையாவது பதிந்தால்தானே சோதிக்க முடியும்? அதனால் புது போர்டில் இரண்டு சுவிட்ச் வைத்தேன். பதிவதற்குச் சிவப்பு, கேட்பதற்குக் கறுப்பு. பதிவுக்குச் சிவப்புத்தான் என்பது இந்த வேலை செய்கிற எல்லோருக்கும் கையில் ஊறிய வழக்கம். பாய் கொடுத்ததைச் செருகி, சிவப்பை அமுக்கி, "ஹலோ, ஹலோ, ஒன், டூ, த்ரீ" என்றேன். கறுப்பை அமுக்கினேன். ஒன், டூ, த்ரீ என்றது.

போர்டு சரி. பாய் கொடுத்த ஐ.சி.யைக் கழற்றி வைத்துவிட்டு அவளுடைய ஐ.சி.யைச் செருகினேன். கால் ஒவ்வொன்றாகப் பார்த்து அழுத்தினேன். அந்த நேரத்தில் செய்ய வேண்டியது ஒன்றுதான், சிவப்பு சுவிட்சின் வயரை வெட்டுவது. கட்டர் முழங்காலுக்குப் பக்கத்திலேயே கிடந்தது. நான் அவளைக் கூப்பிட்டேன்.

மாவுக் கையோடு வந்தவள் அதைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். "நீயே அமுக்கு" என்றேன். எதை என்று கேட்க அவளுக்கு வாய் இல்லை. கேட்க வேண்டிய அவசியமும் அவளுக்கு இல்லை. எங்கள் வாசலில் இருபது வருஷமாக இருப்பது சிவப்பு சுவிட்ச்தான்.

நான் ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏட்டி, சத்தமே வரலையே" என்றேன். "நல்லா அமுக்கு."

அவள் நல்லாவே அமுக்கினாள். திரும்பி அவள் விரலைப் பார்த்தபோதுதான் கத்தினேன். அவள் திடுக்கிட்டுக் கையை எடுத்தாள்.

கறுப்பை அமுக்கினேன். ஃபேன் சுற்றுகிற சத்தம், அடுத்த தெருத் தறிச் சத்தம், பிறகு என் குரல்: "ஏட்டி, சத்தமே வரலையே. நல்லா அமுக்கு." கடைசியில் என் கத்தல். எல்லாம் துல்லியமாக இருந்தது. அந்த ஐ.சி.க்கு இடியால் ஒன்றும் ஆகவில்லை, இத்தனை மாதமும் அது அவள் குரலோடு நன்றாகத்தான் இருந்திருக்கிறது.

அவள் சிரித்தாள். சத்தமில்லாமல், தோள் குலுங்க. நான் டெஸ்ட் பண்ணுகிறேன் என்று நினைத்துக்கொண்டாள். நோட்டை எடுத்து எழுதிக் காட்டினாள்: "சரி, இப்ப என்னோடத வைங்க."

கை சும்மா இருக்கக் கூடாதே என்று போர்டிலிருந்த ஐ.சி.யைப் பிடுங்கிவிட்டு மற்றதைச் செருகினேன். அதில் என்ன இருக்கிறது என்று தெரிந்தேதான் செருகினேன். கறுப்பை அமுக்கினேன். ஹலோ, ஹலோ, ஒன், டூ, த்ரீ.

அவள் இன்னும் கொஞ்ச நேரம் ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். ஊரெல்லாம் தேடி, கடைசியில் என்னிடம் இரண்டு ஐ.சி. இருந்தன, இரண்டிலும் நான்தான் பேசிக்கொண்டிருந்தேன். அவள் பேனாவை மூடி, நோட்டின் மேல் வைத்தாள்.