வெள்ளிக்கிழமை மதியத்துக் கரண்ட்

ஒரு கம்ப்யூட்டரை இன்னொன்றோடு கேபிளால் இணைக்கும் அந்த நெட்வொர்க் கார்டை எங்கள் கம்ப்யூட்டரில் செருகியபோது, அதன் ஓரத்துப் பல்வரிசையில் பாதி வெளியே தொங்கியது. பெரிய கம்பெனி சர்வருக்காகச் செய்தது. அதற்கு நீளமான இடம் வேண்டும். எங்களிடம் இருந்தவை இரண்டு பழைய கம்ப்யூட்டர்கள். மூடியைக் கழற்றி, பக்கத்தில் டேபிள் ஃபேன் வைத்தால்தான் சூடு தாங்கும். அண்ணி குனிந்து பார்த்தார்.

“இன்னா தம்பி, சட்டை பத்தாத புள்ளையாட்டம் நிக்குது?”

“பாதி பல் போதும் அண்ணி. கடிக்கும்.”

“கடிச்சா சரி. கடிக்கலன்னா உன்னத்தான் நான் கடிப்பேன்.”

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. என் அண்ணன் மனைவி ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தோல் அடுக்கும் வேலை பார்த்தவர். ஒவ்வொரு தோலையும் படம் எடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுவார்கள். உண்ணி கடித்த வடு, முள்கம்பிக் கீறல் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, மிச்சப் பரப்பில் ஷூவின் துண்டுகளை நெருக்கி அடுக்கிக் காட்ட வேண்டும். அதைப் பார்த்துத்தான் கத்தி இறங்கும். அண்ணி அடுக்கினால் கழிவு குறைவு என்று கம்பெனியே சொல்லும். ஆனாலும் சாயங்காலம் வாசலில் மற்ற பெண்களோடு வரிசையில் நின்று, பையையும் சோற்று டப்பாவையும் திறந்து காட்டினால்தான் வெளியே விடுவார்கள். தோல் துண்டு எதையும் எடுத்துப் போகக்கூடாதாம். ஒருநாள் வாட்ச்மேன் அண்ணியின் பையைத் தரையில் கவிழ்த்தான். மாதவிலக்குக்காக வைத்திருந்த துணியை எல்லார் முன்னாலும் கோலால் தள்ளிப் பார்த்தான். அண்ணி ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மறுநாள் போகவில்லை. அதே வேலையை வெளியே ஆர்டர் பிடித்து வீட்டிலேயே செய்யப் போவதாகச் சொன்னார்.

அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. லாரி ஓட்டுபவன், போனால் திரும்ப நாளாகும். “வீட்ல உக்காந்து செய்ற வேலையா அது? ஒரு ஆர்டர் முடிச்சுக் காட்டு. முடியலன்னா பேசாம கம்பெனிக்குத் திரும்பிப் போ” என்று சொல்லிவிட்டு வடக்கே லோடு ஏற்றிக்கொண்டு போய்விட்டான். அண்ணி சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டார். பேரணாம்பட்டில் ஒரு சின்ன கம்பெனிக்காரர் நம்பிப் படங்களைக் கொடுத்தார். ஒரு கம்ப்யூட்டரில் படங்கள் இருக்கும், இன்னொன்றில் அடுக்குவார். நடுவே இருந்த பழைய கார்டுகள் வழியாக ஒரு தோலின் படம் வந்து சேர்வதற்குள் அடுப்பில் பருப்பு வெந்துவிடும். அந்த நடைக்கு ஆர்டர் முடியாது. முடியாவிட்டால் மறுபடியும் அந்த வரிசை.

நான் எட்டாவதோடு நின்றவன். ஓரிடத்தில் கால் தரிக்காது. தோல் பதனிடும் டேனரியில் தோல் சுமந்தேன், காட்பாடி ஸ்டேஷனில் டீ விற்றேன், ஏலகிரியில் லாட்ஜ் அறை பெருக்கினேன். கடைசியில் பெங்களூரில் பழைய கம்ப்யூட்டர் பிரிக்கும் கடையில் ஒட்டிக்கொண்டேன். அங்கே சர்வர் கார்டுகள் மூட்டையில் கிடக்கும். புதிதாக வாங்கினால் நாங்கள் கிட்டே போக முடியாத வேகக் கார்டு, அங்கே வாழைக்காய் மாதிரிக் குவித்து விற்கப்படும். காரணம் கேட்டால் முதலாளி சிரிப்பார். “அது அந்த கம்பெனி மெஷின்ல மட்டும்தான்டா முழிக்கும். வீட்டுக்கு எடுத்துனு போய் இன்னா செய்வே, சீப்பா வெச்சுத் தல சீவுவியா?”

கார்டுக்குள் ஒரு சின்னச் சில்லு இருக்கும். அதில் அந்தப் பெரிய கம்பெனியின் பெயரை எழுதி வைத்திருப்பார்கள். அதை அழித்துவிட்டு, கார்டைச் செய்தவனுடைய பொதுவான புரோகிராமை எழுதினால் எந்த மெஷினிலும் ஓடும். கடையில் ஒருவர் செய்வதைப் பார்த்துக் கற்றிருந்தேன். இது சரியா தவறா என்று சிலர் கேட்டதுண்டு. காசு கொடுத்து வாங்கி என் கையில் இருக்கும் பொருள், இன்னொருவன் பெயரைச் சொன்னால்தான் வேலை செய்வேன் என்றால், அந்தப் பெயரை நான் அழிப்பேன். இன்றைக்குக் கேட்டாலும் இதுதான் பதில்.

மூன்று கார்டு கொண்டுவந்தேன். தேவை இரண்டு. எழுதும்போது கரண்ட் போனால் கார்டு செத்துவிடும், பிறகு எழுப்ப முடியாது. கரண்ட் கட் இல்லாத காலை நேரமாகப் பார்த்து உட்கார்ந்தேன். பாதி எழுதியிருக்கும், வீட்டு பல்பு ஒரு கணம் மங்கி எழுந்தது. கம்ப்யூட்டர் அணைந்து மறுபடியும் கிளம்பியது. பின்தெரு டேனரியில் தோல் ஊறும் பெரிய டிரம்மைச் சுற்ற விட்டால் எங்கள் பல்பு மங்கும். அது எங்களுக்கு எவ்வளவு பழக்கம் என்றால், அதை நாங்கள் கரண்ட் போனதாகவே கணக்கில் எடுப்பதில்லை.

“செத்துச்சா?”

“செத்துச்சு அண்ணி.”

“இன்னும் ரெண்டு இருக்கில்ல, எதுக்கு மூஞ்ச தொங்கப் போடற?” என்றார். ஆனால் அன்று முழுக்க அவர் சரியாகச் சாப்பிடவில்லை. பழைய கார்டுகளைத் திரும்ப மாட்டி, பருப்பு வேகும் வேகத்தில் தோல்களை இழுத்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் திடீரென்று திரும்பினார்.

“தம்பி, டிரம்மு எப்ப நிக்கும்?”

“ராத்திரிலகூட ஓடுதே.”

“ஜும்மாவுக்கு?”

எனக்குத் தோன்றவேயில்லை. வெள்ளிக்கிழமை மதியம் ஜும்மா தொழுகைக்காக ஆம்பூரில் டேனரிகள் ஓய்ந்துவிடும். அந்த வெள்ளிக்கிழமை மசூதியில் பாங்கு முடிந்து தெரு காலியானது. அண்ணி இஸ்திரிப் பெட்டி, மிக்ஸி எல்லாவற்றின் வயரையும் பிடுங்கிப் போட்டார். பல்பைப் பார்த்தபடியே பின்னால் நின்றார். பல்பு அசையவில்லை. “அவங்க தொழுகைல நம்ம கார்டுக்கும் சேத்துக் கேக்கறாங்க போல, நான் ஞாயித்துக்கிழம சர்ச்சுல நன்றி சொல்லிடறேன்” என்றார். இரண்டு கார்டும் முழித்தன. கேபிளை நேராக ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு இழுத்தேன். அண்ணி ஒரு தோலைத் தொட்டார். முதுகு, வயிறு, கீறல், எல்லாம் சட்டென்று திரையில் விரிந்தன. அவர் உட்கார்ந்து அடுக்கத் தொடங்கினார்.

ஆர்டர் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அண்ணன் வந்து பார்த்துவிட்டு, “கம்பெனிக்குப் போ” என்ற பேச்சையே எடுக்கவில்லை. பழைய கம்பெனியில்தான் கழிவு ஜாஸ்தியாகிவிட்டதாம். மேனேஜரே ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்து, பிளாஸ்டிக் நாற்காலியில் நுனியில் உட்கார்ந்தார்.

“வந்துடும்மா. உன் பைய இனிமே எவனும் தொட மாட்டான். நான் சொல்லிட்டேன்.”

“மத்தவங்க பை சார்?”

“அது கம்பெனி ரூல்மா. உனக்கு மட்டும்னுதானே நான் நேர்லயே வந்து சொல்றேன்?”

“எனக்கு மட்டும்னா வேணாம் சார். டீ குடிச்சிட்டுப் போங்க.”

அவர் குடிக்கவில்லை. அண்ணியும் போகவில்லை, இன்றுவரை. இப்போது என் சட்டைப் பையில் கிடக்கும் போன் அந்த இரண்டு கம்ப்யூட்டரையும்விட வேகமானது. ஆனால் ஆம்பூர் பக்கம் போகும்போது ஷிப்ட் விடும் நேரமென்றால், பஸ் ஜன்னல் வழியாக இன்னும் பார்க்கிறேன்: கம்பெனி வாசலில் பெண்கள் வரிசையாக, பையின் ஜிப்பைத் தாங்களே திறந்து பிடித்தபடி. அதற்கு எழுதி மாற்றும் புரோகிராம் எதுவும் என்னிடம் இல்லை. அண்ணியிடம் இருக்கிறது. அவர் வீட்டில் இப்போது ஆறு பெண்கள் தோல் அடுக்குகிறார்கள். சாயங்காலம் அவரவர் பையை எடுத்து மாட்டிக்கொண்டு, பேசிச் சிரித்தபடி நேராக வெளியே போகிறார்கள்.